ஈரம் காய்வதற்குள்

எங்கள் வீட்டுக்காரரின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதினால் தப்பில்லை என்று பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா சொல்கிறார். அதனால் ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன்: கருணாகரன். இனிமேல் இந்தக் கதையில் 'இவர்' என்று வந்தால் அது அவர்தான்.

இவருக்கு உடம்பில் கரப்பான். பிறந்ததிலிருந்தே இருக்கிறதாம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு, மலாக்கா வெயிலில் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைக்கு என்ன அடக்கம் பாரு என்று என் அத்தை பூரித்துப்போனாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, அது அடக்கம் இல்லை, முழங்கை. தோல் காய்ந்து, வெடித்து, சிவந்து கிடக்கும். சொறிந்தால் நீர் கசியும். கழுத்து, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால், ஓரிடம் பாக்கியில்லை. சொறியாதீங்க என்றால், "நான் எங்க சொறிஞ்சேன்?" என்று கேட்டுக்கொண்டே சொறிவார். அந்தச் சரக் சரக் சத்தத்தை வைத்தே இவர் வீட்டில் எந்த மூலையில் இருக்கிறார் என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவேன்.

டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இவர் கிராணி, அதாவது குமாஸ்தா. கிராணி என்றால் சும்மா இல்லை, தற்காலிகக் கிராணி. ஆறு வருஷமாகத் தற்காலிகம். போன வருஷம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லி டாக்டர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டர் முழங்கையைப் பார்த்தாராம். நாற்காலியை அரை அடி பின்னுக்குத் தள்ளினாராம். 'தோலில் புண், கிருமி, இப்போது தகுதியில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இவர் நேரே வீட்டுக்கு வரவில்லை. பிள்ளையார் கோயிலுக்குப் போய், வேலை நிரந்தரமாகும் நாள் வரைக்கும் தினமும் பதினாறு இடத்திலும் விபூதி பூசுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். நெற்றி, கழுத்து, மார்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் என்று எல்லா இடத்திலும் மும்மூன்று கோடு. குளித்துவிட்டு இவர் வந்து நின்றால் சுண்ணாம்பு அடித்த மைல்கல் மாதிரி இருக்கும்.

"எவ்வளவு தூரம்னு எழுதி மாட்டிட்டா கிளேபாங் போறவங்களுக்கு உதவும்" என்பேன்.

"சாமி விஷயத்துல விளையாடாத அஞ்சலை."

ஐம்பத்தேழாம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் இரண்டாவது கடிதம் வந்தது. ஆகஸ்டில் மெர்டேக்கா என்னும் சுதந்திரம், வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள், உள்ளூர் ஆட்களுக்கு இடம் காலியாகிக்கொண்டிருந்தது. மே மாதம் ஆறாம் தேதி மறுபடியும் டாக்டர் பரிசோதனை. தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் ஜூன் முதல் வேலைக்கு வர வேண்டாம். அவ்வளவுதான் கடிதம், நாலே வரி. இவர் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார், எடுத்தார், மறுபடி படித்தார், அப்புறம் சொறிந்தார்.

நான் ரப்பர்த் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். விடியாத இருட்டில் எழுந்து, பெரட்டு வரிசையில் நின்று ஆள் கணக்குக்குப் பெயர் கொடுத்து, பால் மரம் வெட்டிய கை இது. காஜா பேராங்கில் இருக்கும் இந்த வீடு பலகை வீடுதான், கூரை தகரம்தான், மழை பெய்தால் பேசுவது காதில் விழாது. ஆனாலும் இங்கே என் பெயரை யாரும் பெரட்டில் கூப்பிடுவதில்லை. இந்த வேலை போனால் மறுபடி என் அண்ணன் இருக்கும் அதே லயத்துக்குத்தான் போக வேண்டும். நான் போக மாட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். போகாமல் எங்கே இருப்பது என்பதற்குப் பதில் இல்லை.

பக்கத்து வீட்டில் நூர்ஜஹான் அக்காவின் வீட்டுக்காரர் யூனுஸ் பாய். அரசாங்க ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரஸர். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர், அவ்வளவுதான். இவரோ ஆறு வருஷமாக அவரிடம் முழங்கையைக் காட்டியதே இல்லை, வெட்கமாம். நான்தான் இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் உட்காரவைத்து, பொத்தானைக் கழற்றிச் சட்டைக் கையைச் சுருட்டினேன்.

யூனுஸ் பாய் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளவில்லை. முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கிராணியாரே, இது படையுமில்ல, சொறியுமில்ல. கரப்பான். யாருக்கும் ஒட்டாது. தோலு காய்ஞ்சு வெடிக்குது. வெடிச்ச எடத்துல கிருமி பூந்துக்குது. அரிக்குது, நீங்க சொறியறீங்க, இன்னும் வெடிக்குது. அவ்வளவுதான் சங்கதி."

இரண்டு நாளில் ஆஸ்பத்திரிச் சீட்டுப் போட்டு, அகன்ற வாய்ப் புட்டி ஒன்றில் வெள்ளை கிரீம் வாங்கிக் கொடுத்தார். கிருமியையும் கொல்லுமாம், தோலையும் காய விடாதாம். ஒரு புட்டிக்குள் இரண்டு வேலை.

"நல்லாக் கேட்டுக்குங்க. குளிக்கிறது அஞ்சே நிமிஷம். துண்டால தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. தோல்ல கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும், அந்த ஈரம் காயறதுக்குள்ள இதப் போடணும். முடி சாஞ்சிருக்கிற பக்கமா, மேலேருந்து கீழே. தேய்க்கக் கூடாது, தடவணும். காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். சோப்பு மட்டும் தொடவே கூடாது."

இவர் அலுவலகத்துக் காகிதத்தில் அதையெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிக்கொண்டார். எழுதிய காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் குளித்தார். ஒரு வாரம் ஆயிற்று. கை முன்னைவிட மோசம். யூனுஸ் பாய் பார்த்துவிட்டுத் திகைத்தார்.

"சோப்பு போடறீங்களா?"

"சத்தியமா இல்ல பாய். சோப்பு இருக்கிற மாடத்துப் பக்கம்கூடத் திரும்பறதில்ல."

"பின்ன எதப் போட்டுக் குளிக்கிறீங்க?"

"சீயக்காய்தான். பீர்க்கங்கூட்டால நல்லாத் தேய்ச்சு."

யூனுஸ் பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். இவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "நீங்க சோப்புன்னுதானே சொன்னீங்க, சீயக்காய்னு சொல்லலியே" என்று சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினார். இப்படிப்பட்ட ஆளைக் கிராணியாக வைத்துக்கொள்ளாமல் வேறு யாரை வைத்துக்கொள்ளப் போகிறது அரசாங்கம்! சீயக்காயும் பீர்க்கங்கூடும் அன்றே பரண் ஏறின.

அதற்குள் நோன்பு மாதம் தொடங்கிவிட்டது. கணுக்கால் முதலில் ஆறியது. அப்புறம் கெண்டைக்கால் பக்கம் சொரசொரப்பு போய் வழவழப்பாயிற்று. ஆனால் முழங்கை, மணிக்கட்டு, கழுத்து, முழங்கால் எல்லாம் அப்படியே சிவந்து, வெடித்து, நீர் கசிந்துகொண்டிருந்தன. டாக்டர் பார்க்கப்போவதே அங்கேதான். ஏப்ரல் பாதி ஓடிவிட்டது.

ஒரு சாயங்காலம் நோன்பு திறப்பதற்கு முன்னால் யூனுஸ் பாய் வந்து இவர் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் லேசாகத் தொட்டு, விரலைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார்.

"மழை வரும்போல இருக்கு" என்றார்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார், பார்த்தார், புக்கிட் காதிலில் யாரோ வீடு கட்டுவதைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விட்டார். மூன்றாவது தடவை பெருமூச்சு மட்டும் விட்டார். எனக்கு வந்ததே கோபம்! அவர் படி இறங்கியதும் பலகைச் சுவர் கேட்கட்டும் என்றே பேசினேன்.

"மருந்தாம் மருந்து! கோதுமை மாவைத் தண்ணியில கரைச்சுப் புட்டியில ஊத்திக் குடுத்திருப்பாங்க. இன்னும் பத்தொம்பது நாள்தான் இருக்கு. வந்து வந்து மழையைப் பத்திப் பேசறாங்க!"

"மெதுவாப் பேசு" என்று இவர் கையைப் பிசைந்தார். பிசைந்ததில் இன்னும் கொஞ்சம் அரித்தது, சொறிந்தார்.

மறுநாள் நூர்ஜஹான் அக்கா நோன்புக் கஞ்சியை மூடி எடுத்துக்கொண்டு செம்பருத்தி வேலிக்கு வந்தார். எனக்கு முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கஞ்சியை வாங்கிக்கொண்டேன், அந்தக் கஞ்சியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

"அஞ்சலை, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"ஏற்கெனவே கோவத்துலதான்க்கா இருக்கேன். கேளுங்க."

"கணுக்கால் ஆறிடுச்சுல்ல? அங்க உங்க வீட்டுக்காரர் என்ன பூசறார்?"

"கிரீம்."

"முழங்கையில?"

"அதே கிரீம்தான்."

"அதுக்கு முன்னால?"

நான் வாயைத் திறந்தேன். அப்படியே நின்றேன். அக்கா வேலியிலிருந்து ஒரு வாடிய பூவைக் கிள்ளிப் போட்டார்.

காலையில் இவர் குளித்துவிட்டு ஈரத்தோடு வருவார். நான் விபூதித் தட்டை நீட்டுவேன். இவர் தண்ணீரில் குழைத்துப் பதினாறு இடத்திலும் பூசுவார். ஈரம் முழுவதையும் விபூதி குடித்துவிடும். அது காய்ந்து இறுகி, தோலும் இறுகும். அதன்பிறகு சாமி கும்பிட்டுவிட்டு, காகிதத்தைப் பார்த்து, முடி சாய்ந்த பக்கமாக, மேலிருந்து கீழே, அந்தச் சாம்பலின் மேல் கிரீமைத் தடவுவார். சாயங்காலமும் அதே கதை. இவருடைய கரப்பானும் விபூதியும் ஒரே விலாசத்தில்தான் குடியிருந்தன. கணுக்காலில் விபூதி இல்லை, அது ஆறிவிட்டது. இத்தனைக்கும் தினமும் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றவள் நான். மற்றவர்களைத் திட்ட மட்டும் முதல் ஆளாக வந்துவிடுகிறேன்.

"எங்க வீட்டுக்காரருக்கு மொத நாளே தெரிஞ்சுபோச்சு" என்றார் அக்கா. "எப்படிச் சொல்றதுன்னு நாலஞ்சு நாளாத் தூங்கல. இப்ப உனக்கு நான் சொல்லலை, நீயாத்தான் கண்டுபிடிச்சே. சரியா?"

வீட்டுக்குள் போய் இவரிடம் சொன்னேன். இவர் நம்பினார். நம்பியதுதான் கஷ்டம். நம்பிவிட்டு, முடியாது என்றார்.

"வேலை குடுக்கறதே சாமிதான். அந்த வேலைக்காகக் குடுத்த வாக்கை விட்டுட்டு, எந்த முகத்தோட வேலைக்குப் போறது?"

"சாமி வேலையைக் கொண்டுவந்து வாசல்ல நிக்குது. நீங்க உள்ளாற தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு விபூதி பூசறீங்க!"

"நீ என்ன வேணா சொல்லு."

"சொல்றேன். ஜூன் மாசம் என்னை லயத்துல கொண்டுபோய் விட்டுட்டு, அப்புறம் பதினாறு இடம் என்ன, முப்பத்திரண்டு இடத்துல பூசிக்குங்க."

எனக்கே அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கும் வழக்கம் எனக்கு இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய் யூனுஸ் பாயையே கையோடு கூட்டிவந்தேன்.

"ஏன் பாய் நீங்க சொல்லல?" என்று கேட்டார் இவர்.

யூனுஸ் பாய் தலையைக் குனிந்துகொண்டார். "மருந்து என்னுது கிராணியாரே. விபூதி உங்களது. சோப்பு போடாதீங்க, சீயக்காய் போடாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் இருக்கு. இதைச் சொல்ல எனக்கு வாய் இல்ல. என் பொழப்புல எல்லாப் புண்ணையும் தொட்டிருக்கேன், இதத் தொட எனக்குப் பயமாயிருந்திச்சு."

அப்புறம் அவரே சொன்னார். "போன வருஷம் எனக்கு வயித்துப் புண்ணு. ஒம்பது நோன்பு விட்டேன். நோயாளிக்கு விலக்கு இருக்கு, பெருநாள் கழிச்சு ஒண்ணொண்ணாப் பிடிச்சு முடிச்சேன். எங்க மார்க்கத்துல அப்படி. உங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது."

இவர் சாமி படத்தைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில், "நெத்தியில கரப்பான் இல்லியே?" என்றார்.

"இல்ல."

"அப்ப நெத்திக்கு மட்டும் பூசிக்கறேன்."

மறுநாள் காலையில் கிணற்றடியிலிருந்து வந்ததும் நான் தட்டை எடுக்கவில்லை, புட்டியை எடுத்துக்கொண்டு தயாராக நின்றேன். கை எட்டாத இடத்துக்கெல்லாம் நானே தடவினேன். ஆறு வருஷத்தில் அந்த முழங்கையை நான் தொட்டதே இல்லை, இவர் தொட விட்டதில்லை. முதல் நாள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "சும்மா நில்லுங்க, ஈரம் காயுது!" என்று ஓர் அதட்டல் போட்டேன், நின்றார்.

தோல் ஆற ஆற இவர் முகம் வாடிக்கொண்டே போயிற்று. நெற்றியில் மூன்று கோட்டை மட்டும் இழுத்துவிட்டு, எதையோ தொலைத்தவர் மாதிரி வாசலில் நிற்பார்.

"வாக்குத் தவறிட்டேனே அஞ்சலை."

"சாமி என்ன உங்க பெரிய கிராணியா, பதினாறு எடத்துலயும் கையெழுத்து இருக்கான்னு எண்ணிப் பாக்கறதுக்கு?"

"உனக்கு எல்லாமே கேலிதான். உனக்கு எங்க பக்தி இருக்கு?"

"எனக்கு அடுப்பு வேலை இருக்கு" என்று எழுந்து போய்விட்டேன்.

ஒரு நாள் விபூதிப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "நெத்திக்கு மட்டும்தானே பூசறேன், இது ஏன் இப்படிக் குறையுது?"

"எலி தின்னுது."

"எலி விபூதி தின்னுமா?"

"காஜா பேராங் எலி எதை விட்டது? கிளம்புங்க, நேரமாச்சு."

பெருநாளன்று நூர்ஜஹான் அக்கா வீட்டில் சாப்பிட்டோம். யூனுஸ் பாய் சாப்பாட்டுக்கு நடுவிலேயே இவர் கையைத் திருப்பிப் பார்த்தார். புண் இல்லை, நீர் இல்லை, லேசான பழுப்பு நிறம் மட்டும் இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, இன்னொரு கறித்துண்டை இவர் தட்டில் வைத்தார். இது முழுசாப் போகிற சங்கதி இல்லை, திரும்பி வரும், கிரீமை நிறுத்தாதீங்க என்றும் சொன்னார். இவர் அதையும் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

ஆறாம் தேதி காலையில் இவர் வெளுத்த முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனார். நான் வழக்கம்போல என் வேலையை முடித்துவிட்டு இட்லிக்கு அரைக்க உட்கார்ந்தேன். கை ஆட்டுக்கல்லில் இருந்தது, காது வாசலில் இருந்தது. சாயங்காலம்தான் வருவார் என்று நினைத்திருந்தேன். பத்தரை மணிக்கே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குழவியை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

வந்தவர் காகிதத்தை என் முன்னால் நீட்டினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. முகத்தைப் பார்த்தேன். முகம் சொல்லிவிட்டது.

"தகுதின்னு எழுதிட்டாரு. ரெண்டு கையையும் திருப்பிப் பாத்தாரு, நாற்காலியை நகத்தவே இல்ல. பெரிய கிராணி என்னை வீட்டுக்குப் போயி சொல்லிட்டு வரச் சொன்னாரு."

நான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. லயம் இல்லை, பெரட்டு இல்லை, அது மட்டும்தான் மனதில் ஓடியது. விரல் இடுக்கில் பார்த்தேன். இவர் என் முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னது அது?"

கையைச் சட்டென்று இறக்கினேன். "மாவு. அரைக்கறேன்ல, பட்டிருக்கும்."

இவர் குனிந்து என் கையைப் பிடித்துத் திருப்பினார். முழங்கையைப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்தார். புடவைத் தலைப்பை விலக்கித் தோளைப் பார்த்தார்.

"மாவு மூணு கோடா விழுமா அஞ்சலை?"

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், இவர் விடவில்லை.

"எத்தனை நாளா?"

"நீங்க விட்ட நாள்லேருந்து. நீங்க ஆபீஸ் போனதும் பூசி, வர்றதுக்குள்ள கழுவிடுவேன்."

"பதினாறு எடமுமா?"

"பதினஞ்சு" என்றேன். "நெத்தி உங்க பங்கு."

இவருக்குக் கண் கலங்கிப்போயிருந்தது. பார்க்காத மாதிரி நான் ஆட்டுக்கல்லைப் பார்த்தேன். பதினெட்டு நாள் சாம்பலில் என் முழங்கையும் காய்ந்து வெடித்திருந்தது. அதையும் பார்த்துவிட்டார்.

உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரும் துண்டும் அந்தப் புட்டியும் எடுத்துவந்தார். நிரந்தரக் கிராணி, பட்டப்பகலில், வெளுத்த சட்டையோடு அடுப்படித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முழுக்கைச் சட்டையின் கையைத் தானாகவே சுருட்டிக்கொண்டார். என் கையைக் கழுவி, துண்டால் ஒத்தி எடுத்து, புட்டியின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தார்.

"சும்மா இரு, ஈரம் காயறதுக்குள்ள போடணும்" என்றார்.

மேலிருந்து கீழே தடவினார், தேய்க்கவில்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததைப் பார்த்துப் பதறிப்போனார்.

"எரியுதா?"

"ஆமா, எரியுது" என்றேன். கொஞ்சமும் எரியவில்லை.